ஆறுக்கு ஆறு பொருந்திய இரண்டு பெண்கள்

இருபத்தொன்பது வயதில் பணிக்கால அனுபவம் என்று எழுத உட்காருவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்றது நானல்ல, நான் எழுதிய கம்ப்யூட்டர் நிரல். கொல்லிமலையில் ஒரு தொண்டு மருத்துவமனையின் கர்ப்பிணிப் பதிவேட்டை ஏழு வருடம் சுமந்த அந்த நிரலைப் போன மாதம் நிறுத்திவிட்டார்கள். அத்தோடு அங்கே எனக்கும் வேலை முடிந்தது. புதிய நிரலை நாமக்கல்லில் நான்கு இளைஞர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவரான நிவேதா என் பழைய நிரலைப் படித்துவிட்டுப் போனில் கேட்டார். “அண்ணா, ரெண்டு மதிப்பு சமமான்னு பாக்குறதுக்கு ரெண்டு ஃபங்ஷன் வெச்சிருக்கீங்க. ஒண்ணு பேரு ‘மாறலையே’. இன்னொண்ணு ‘அவர்தானா’. ரெண்டும் ஒரே வேலைதானே? ஒண்ணத் தூக்கிரலாமா?”

ஃபங்ஷன் என்பது நிரலுக்குள் ஒரு வேலையை மட்டும் செய்கிற சிறு துண்டு. தூக்க வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத ஆரம்பித்தால் இவ்வளவு நீளம் போகிறது.

நான் எடப்புளி நாட்டுக்காரன்; எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி. அப்பாவும் அம்மாவும் மரவள்ளியும் மிளகும் போடுகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். தலைமையாசிரியர் என் பிறந்த தேதியைக் கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக அவர் ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். என் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்த நாள். ராசிபுரத்துக் கல்லூரியில் ஆளுக்கொரு நாள் மிட்டாய் கொடுப்பதைப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு விநோதம் என்று உறைத்தது.

அந்தக் கல்லூரியில் டேட்டாபேஸ் பாடத்தில் வெற்று மதிப்பைப் பற்றி ஒரு பத்தி உண்டு. கணினிக்காரர்கள் அதை ‘நல்’ என்பார்கள். அது பூஜ்யம் அல்ல, வெறும் இடைவெளியும் அல்ல, மதிப்பு தெரியாது என்பதன் குறி. இரண்டு மதிப்பெண் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதினேன், இரண்டும் கிடைத்தது. புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

படிப்பு முடிந்ததும் செம்மேட்டில் அந்த மருத்துவமனைக்குள்ளேயே இருந்த பதிவேட்டு அலுவலகத்தில் சேர்ந்தேன். இரண்டு அறை, இரண்டு கம்ப்யூட்டர், மழைக்காலத்தில் ஒன்று. பொறுப்பாளர் எஸ்தர் மேடம். விருதுநகர்ப் பக்கம், செவிலியராக இருந்து பதிவேட்டு வேலைக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஏதாவது தவறு கண்ணில் பட்டால், தவறு செய்தவரையே அந்த வரியைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். படித்ததும், “இன்னொரு தடவ” என்பார். மூன்றாவது தடவை படிக்கும்போது நமக்கே நாக்கு தடுக்கும்.

சனிக்கிழமைகளில் களப்பணியாளர்கள் ஊர் ஊராகப் போய் எழுதிய படிவங்களோடு வந்து சேருவார்கள். மேடம் ஒரு இரும்பு ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே பார்ப்பார். காலிக் கட்டம் வந்தால் ஸ்கேல் நின்றுவிடும். “கேட்டியா, கேக்கலையா?” இந்த ஒரு கேள்விதான். கேட்டும் அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கட்டத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுவார். கேட்கவே இல்லை என்றால் கட்டம் அப்படியே கிடக்கும், அடுத்த முறை போகும்போது கேட்டு வர வேண்டும். இட்டு நிரப்ப மட்டும் விடமாட்டார். ஜூன் ஒன்றுக்காரனான எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது வட்டம் போட்ட கட்டத்தையும் போடாத கட்டத்தையும் நான் ஒரே மாதிரிதான் விட்டேன். இரண்டும் வெற்று. கம்ப்யூட்டரில் வட்டம் போட இடமில்லை என்று மேடத்திடம் சொன்னேன், அவரும் சரி என்றுவிட்டார்.

முதல் சிக்கல் சின்னது. தினமும் மாலை நான்கு மணிக்கு என் நிரல் நேற்றைய பதிவையும் இன்றைய பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். எதெல்லாம் மாறியிருக்கிறதோ அதைப் பட்டியலாக டாக்டருக்கு அனுப்பும். திண்ணனூர் நாட்டில் ஒரு பெண்ணுக்கு அதுவரை ரத்தப் பிரிவு தெரியாது. சோதனை செய்து ஓ பாசிட்டிவ் என்று வந்ததை ஏற்றினோம். மாலைப் பட்டியலில் அது வரவில்லை. மேடம் கையால் எழுதி வைத்திருந்த குறிப்போடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, என்னை மூன்று தடவை படிக்க வைத்தார்.

அன்று முழுவதும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. டேட்டாபேஸிடம் நேராகவே கேட்டுப் பார்த்தேன். வெற்றும் ஓ பாசிட்டிவும் ஒன்றா? ஆம் என்று வரவில்லை. சரி, அப்படியானால் இரண்டும் வேறா? அதற்கும் ஆம் வரவில்லை. வெற்றும் வெற்றும் ஒன்றா? அதற்கும் வரவில்லை. இரண்டு மதிப்பெண் கேள்விக்குள் இப்படி ஒரு சங்கதி உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சாப்பாட்டை மறந்து திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

யோசித்தால் அது சொல்வது நியாயம்தான். சோளக்காடு சந்தையில் வாய் தைத்த இரண்டு மூட்டைகள் கிடக்கின்றன. இரண்டிலும் இருப்பது ஒரே சரக்கா என்று கேட்டால் நாணயமான வியாபாரி என்ன சொல்வார்? பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்பார். டேட்டாபேஸ் அந்த வியாபாரி மாதிரி. ஆமும் இல்லை, இல்லையும் இல்லை, தெரியாது. என் நிரலோ ‘வேறு’ என்று உறுதியாக வருவதை மட்டும் பட்டியலில் சேர்க்கும்படி எழுதப்பட்டிருந்தது. தெரியாது என்று வந்ததெல்லாம் சத்தமில்லாமல் கீழே விழுந்துகொண்டிருந்தது.

அதற்காக எழுதியதுதான் ‘மாறலையே’. நேற்றும் வெற்று, இன்றும் வெற்று என்றால் மாறவில்லை. நேற்று வெற்று, இன்று ஒரு மதிப்பு என்றால் மாறிவிட்டது. மறுநாளே பட்டியல் சரியாக வந்தது. “இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே தம்பி” என்றார் மேடம். அவரிடமிருந்து அது பாராட்டு. இரண்டு நாள் மிதந்தேன்.

மிதந்த வேகத்தில்தான் அடுத்ததைச் செய்தேன். எங்கள் பதிவேட்டில் ஒரே பெண் இரண்டு முறை பதிவாவது வழக்கமான தொல்லை. ஒரு முறை ஊரில் படிவம் எழுதுவார்கள், இன்னொரு முறை முகாமில் எழுதுவார்கள். இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்க ஆறு விவரங்களை ஒப்பிடுவேன்: பெயர், கணவர் பெயர், ஊர், போன் எண், பிறந்த தேதி, ரத்தப் பிரிவு. அடையாள அட்டை எண் வாங்குவதில்லை என்பது எங்கள் மருத்துவமனையின் விதி. இந்த ஆறில் வெற்றாக இருக்கும் ஒவ்வொன்றையும் பொருத்தமில்லை என்றே பழைய நிரல் எண்ணும். அதனால் நிஜமான இரட்டைகளும் தப்பிக்கொண்டிருந்தன. ஒரே வேலையை இரண்டு முறை எழுதாதே என்று கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். ‘மாறலையே’ கையில் தயாராக இருந்தது. அதையே இங்கேயும் போட்டேன்.

திங்கட்கிழமை நீளமான பட்டியல் வந்தது. பொருத்தம் எத்தனைக்கு எத்தனை என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கும். நான்கு, ஐந்து என்றிருந்த வரிகளில் மேடம் ஸ்கேலை வைத்து நிதானமாகப் பார்த்தார். ஆறுக்கு ஆறு என்றிருந்ததை எல்லாம் மேலாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவற்றில் பழைய பதிவு மறைந்து புதியது மட்டும் நின்றது. இருவருக்கும் திருப்தி.

ஆலத்தூர் நாட்டில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். எங்கள் மலையில் சாமி பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைப்பார்கள், எல்லா ஊரிலும் நாலு பெரியசாமி இருப்பார்கள், நாலு பாவாயி இருப்பார்கள். அந்த ஊரில் ஒரு பெரியசாமி ஒரு பாவாயியைக் கட்டியிருந்தார், இன்னொரு பெரியசாமி இன்னொரு பாவாயியைக் கட்டியிருந்தார். இரண்டு பாவாயிக்கும் ஒரே சமயத்தில் வயிற்றில் பிள்ளை. ஊருக்கு இதில் குழப்பமே இல்லை. மேட்டில் இருப்பவர் மேலூட்டுப் பாவாயி, ஓடைக்குப் பக்கத்தில் இருப்பவர் ஓடைப் பாவாயி. எங்கள் படிவத்தில் மேலூடு, ஓடை என்று எழுத இடமில்லை. அங்கே போன் சிக்னல் கிடையாது என்பதால் இருவருக்கும் எண் இல்லை. பிறந்த தேதி இல்லை. ரத்தம் இன்னும் எடுக்கவில்லை. மூன்று கட்டத்தில் எழுதியிருந்தது ஒன்றேதான், மூன்று கட்டத்தில் ஒன்றுமே இல்லை. ஆறுக்கு ஆறு.

பின்னால் யோசித்தபோதுதான் இது எனக்குப் புரிந்தது. விவரம் நிறைய இருக்கிற பெண்களுக்கு ஏதாவது ஓர் எழுத்தாவது மாறி, ஐந்துக்கு மேல் பொருத்தம் வராது. எவரைப் பற்றி எங்களுக்குக் குறைவாகத் தெரியுமோ அவர்கள்தான் கச்சிதமாகப் பொருந்தினார்கள். ஒன்றுமே தெரியாதவர்கள் எல்லோரும் என் நிரலுக்கு ஒரே ஆள்.

அந்த ஊருக்குப் போய்வரும் களப்பணியாளர் செல்வி அக்கா, இதே மலைக்காரர். அவருக்கு இரண்டு பாவாயியையும் தெரியும். ஆனால் பார்க்க வேண்டிய பெண்களின் பட்டியல் வரும் அவர் போனில் ஒரு பாவாயிதான் தெரிந்தது. அவர் சந்தேகப்படவில்லை, அதற்குக் காரணம் உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீடு போனால், அவர் பதிவு அந்த ஊர்ப் பணியாளரின் போனுக்கு மாறிவிடும், இங்கே பெயர் மறையும். வாரத்துக்கு ஒருவராவது அப்படி மறைவார்கள். ஊருக்குள் ஏறியதும் மேலூட்டுப் பாவாயி வாசலிலேயே இருந்தார். அப்படியானால் அம்மா வீடு போனது ஓடைப் பாவாயி என்று செல்வி அக்கா எடுத்துக்கொண்டார். ஓடைப் பக்கம் இறங்கவில்லை.

ஓடைப் பாவாயி எங்கேயும் போகவில்லை. யாரும் வராததால் அவரே செம்மேட்டு முகாமுக்கு வந்து சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முடிவுத் தாள் வந்தது: பாவாயி, கணவர் பெரியசாமி, ஊர், ஏ நெகட்டிவ். அதை ஏற்றியவன் நான். தேடினேன், ஒரே ஒரு பாவாயி வந்தார், பதிந்தேன். மாலை நான்கு மணிக்கு ‘மாறலையே’ தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தது. வெற்றாக இருந்தது நெகட்டிவ் ஆகியிருக்கிறது, இருபத்தெட்டாவது வாரத்தில் ஊசி போட வேண்டும், கூப்பிடுங்கள் என்று டாக்டருக்குச் சொன்னது.

அந்த ஊசி ஏன் என்று ஒரு வார்த்தை. தாயின் ரத்தம் நெகட்டிவாகவும் பிள்ளையுடையது பாசிட்டிவாகவும் இருந்தால், பிள்ளையின் ரத்தம் தாய்க்குள் கசியும்போது தாயின் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். எதிர்ப்பு உருவாகிவிட்டால் வயிற்றில் இருக்கும் பிள்ளையையே தாக்கலாம். உருவாவதற்கு முன் ஊசி போட்டுவிட்டால் தடுத்துவிடலாம். உருவான பிறகு ஊசியால் பயனில்லை.

வந்தவர் மேலூட்டுப் பாவாயி. எஸ்தர் மேடம் ஊசி மருந்தை எடுத்து வைத்துவிட்டுச் சீட்டைப் படித்துக் காட்டினார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஏனுங்க மேடம், எனக்கு இன்னும் ரத்தமே எடுக்கலீங்களே. எடுக்காத ரத்தம் இன்ன ரத்தம்னு எப்படீங்க கண்டுபிடிச்சீங்க?”

மேடம் மருந்தை மூடி வைத்தார். உள்ளே வந்து என்னை அந்தப் பதிவைப் படிக்கச் சொன்னார். ஒரு தடவைதான் படித்தேன். இரண்டாவது தடவை கேட்கவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய பிரதியைத் திறந்தேன், அதில் இரண்டு பாவாயிகள் இருந்தார்கள். மேடம் என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

“யாரு தப்புன்னு அப்பறம் பாப்போம். அந்த இன்னொரு புள்ளைக்கு இது எத்தனாவது வாரம்?”

பழைய பிரதியில் கணக்குப் போட்டேன். முப்பது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: போன வருடம் ஒரு கரு நிற்கவில்லை. அப்போதே எதிர்ப்பு உருவாகியிருக்கலாம். உருவாகியிருந்தால் இந்த ஊசிக்கு நேரம் எப்போதோ போயிருக்கும்.

ஜீப் கிடைத்தது. செல்வி அக்காவும் நானும் போனோம். தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நடை. செல்வி அக்கா வேகமாக முன்னால் நடந்தார். நான் மனதுக்குள் என் நிரலை வரி வரியாகப் படித்துக்கொண்டு நடந்தேன். அதில் பிழையே தென்படவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஓடைப் பாவாயி வெயிலில் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“நீ அம்மா ஊட்டுக்குப் போயிட்டீன்னு நெனச்சுட்டேன் கண்ணு” என்றார் செல்வி அக்கா.

“எங்கம்மா ஊடு அதா தெரியுதே, நாலாவது ஊடு. மாமன் மகனைத்தான கட்டியிருக்கறேன், நான் எங்கக்கா போவேன்?” என்றவர் என்னைப் பார்த்தார். “ரெண்டு மாசமா எல்லாருமே மேலூட்டுக்கே போறீங்க. அவ காப்பி அவ்வளவு நல்லா இருக்குதுங்களா?”

செல்வி அக்கா சிரிக்கப் பார்த்து, முடியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். விஷயத்தைச் சொன்னோம். பாவாயி உடனே மிளகைச் சாக்கில் வாரினார். ஜீப் வரை மெதுவாக நடந்து வந்தோம். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தபோது அவர் கேட்டார், கம்ப்யூட்டரில் நாங்கள் ரெண்டு பேரும் எப்படி ஒருத்தி ஆனோம் என்று. கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மழுப்பக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. உங்கள் பிறந்த தேதி எங்களுக்குத் தெரியாது, அவருடையதும் தெரியாது, தெரியாததும் தெரியாததும் ஒன்று என்று எழுதிவிட்டேன் என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

“அவ பொறந்த நாளு அவங்கம்மாவுக்குத் தெரியுமுங்க. நீங்க போயிக் கேக்கல. என்னோடது எங்கம்மாவுக்கே தெரியாது. அது ரெண்டும் எப்படீங்க ஒண்ணாகும்?”

இந்த வேறுபாடு பாடப்புத்தகத்தில் இல்லாதது. மேடத்தின் பென்சில் வட்டத்தில் இருந்தது, அதை அழித்தவன் நான்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

எதிர்ப்பு உருவாகிவிட்டதா என்று பார்க்கும் சோதனை நாமக்கல்லில்தான் செய்ய முடியும். அன்று பிற்பகலே ரத்தம் கீழே போனது. முடிவு மறுநாள் மதியம் வரும் என்றார்கள். பாவாயியை வார்டில் படுக்க வைத்திருந்தோம். மறுநாள் காலை அலுவலகத்தில் மேடம் திங்கட்கிழமைப் பட்டியலை எடுத்துத் தன் கையெழுத்துக்குக் கீழே விரலை வைத்து, “ஆறுக்கு ஆறுன்னு இருந்தா நான் படிக்கவே மாட்டேன் போல” என்றார். பிறகு நடந்ததை எழுதும் தாளில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதி, இரண்டாவதாக என் பெயரை எழுதினார். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு மணிக்குப் போன் வந்தது. எதிர்ப்பு எதுவும் உருவாகவில்லை. மேடம் போனை வைத்த கையோடு ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த வாரமே ஆறுக்கு ஆறு வந்த எல்லாப் பதிவுகளையும் பழைய பிரதியிலிருந்து மீட்டு, ஊர் ஊராகக் கேட்டுப் பிரித்தோம். அதன் பிறகு எழுதியதுதான் நிவேதா கேட்கிற இரண்டாவது ஃபங்ஷன். ‘மாறலையே’ ஒரே ஆளின் நேற்றையும் இன்றையும் பார்ப்பது. அங்கே வெற்றும் வெற்றும் ஒன்றுதான், ஏனென்றால் நாம் கேட்பது நம் குறிப்பு மாறியதா என்று. ‘அவர்தானா’ இரண்டு பதிவைப் பார்த்து ஒரே ஆளா என்று கேட்பது. அங்கே வெற்று சாட்சி சொல்லாது. பொருந்துகிறது என்றும் சொல்லாது, பொருந்தவில்லை என்றும் சொல்லாது. தெரிந்த கட்டங்களை மட்டும் எண்ணும். அவை போதாவிட்டால் தானாக ஒன்றும் செய்யாது, களத்தில் இருப்பவரின் போனில் கேள்வியாகப் போய் நிற்கும். கேட்டுத் தெரியாததற்கும் கேட்காததற்கும் தனித்தனிக் குறி வைத்தேன். ‘ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள்’ என்று படிவத்தில் ஒரு கட்டத்தை மேடம் சேர்த்தார். சமம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது நிவேதா, எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் ஒப்பிடக் கூடாது. இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஓடைப் பாவாயிக்கு எங்கள் மருத்துவமனையிலேயே பிரசவம் ஆனது. ஆண் குழந்தை. குழந்தையின் ரத்தம் பாசிட்டிவ் என்று வந்ததால் தாய்க்கு இரண்டாவது ஊசியையும் உடனே போட்டார்கள். இரண்டாம் நாள் குழந்தையைப் பதிய செல்வி அக்கா வந்தபோது, புதிய ஃபங்ஷன் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க நானும் போய் நின்றேன். விவரங்களைப் போட்டதும் போனில் கேள்வி வந்தது: அதே ஊரில் பெயர் வைக்காத ஆண் குழந்தை, தாய் பாவாயி, தந்தை பெரியசாமி என்று ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கிறது, அதுவும் இதுவும் ஒரே குழந்தையா? மேலூட்டுப் பாவாயி அம்மா வீட்டில் பெற்றிருந்தார். சேதி மட்டும் வந்திருந்தது, தேதி இன்னும் வரவில்லை.

செல்வி அக்கா பொத்தானை அழுத்தப் போனவர், நிறுத்திப் போனைத் தாயின் பக்கம் நீட்டினார். ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று பொத்தான். பாவாயி எட்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டி முழுதாகப் படித்தார். மடியில் துணிக்குள் கிடந்ததை ஒரு தடவை விலக்கிப் பார்த்துக்கொண்டார்.

“இனிமே கேட்டுட்டுத்தான் செய்யுமுங்களா இது?”

“ஆமாங்க” என்றேன்.

இல்லை என்பதை அவரே அழுத்தினார். திரை ஒரு நொடி சுற்றியது. பிறகு அந்த ஊரின் பட்டியலில் இரண்டு குழந்தைகள் வந்தன. இரண்டுக்கும் பெயர்க் கட்டம் வெற்றாக இருந்தது.